கிலோவில் குற்றம், மில்லிகிராமில் மருந்து

ஆந்திர எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஜி.என்.டி. சாலையில், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எளாவூரில் ஒரு சோதனைச்சாவடி இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கஞ்சா என்றாலே அந்தச் சாவடிதான் நினைவுக்கு வரும். நெல்லூர்ப் பக்கமிருந்து வந்த பேருந்தில் இத்தனை கிலோ, லாரியில் காய்கறி மூட்டைகளுக்கு அடியில் இத்தனை கிலோ என்று செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கும். பழுப்பு நிற ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றிய அந்தப் பொட்டலங்கள் புறப்படும் இடம் ஆந்திராவின் அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்து மலைகளும், அவற்றை ஒட்டிய ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் காடுகளும். இறங்கும் இடங்களில் ஒன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய குடியிருப்புகள். உருக்காலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற இளைஞனையும், பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பையனையும் தேடித்தான் இந்தச் சரக்கு வருகிறது. தமிழகக் காவல்துறை 2021 டிசம்பரில் 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் நடவடிக்கையைத் தொடங்கியது. ஆந்திரக் காவல்துறை 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே ஒரே நாளில் சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்து எரித்தது. இதையெல்லாம் பார்த்து வாழ்கிற மக்களிடம் போய், கஞ்சாவை உலகம் மருந்தாக ஏற்றுக்கொண்டு வருகிறது என்று சொன்னால் கோபம்தான் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகம் எதை ஏற்றுக்கொண்டிருக்கிறது, எதை ஏற்கவில்லை என்று பார்த்தால், எளாவூரில் பிடிபடும் பொட்டலத்துக்கும் அந்த மருந்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது விளங்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா 1996-இலும், கனடா 2001-இலும், ஜெர்மனி 2017-இலும், பிரிட்டன் 2018 நவம்பரிலும் மருத்துவத் தேவைக்காகக் கஞ்சாவுக்கு வழிவிட்டன. இதற்கெல்லாம் சிகரம்போல 2020 டிசம்பர் 2 அன்று, ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் ஆணையத்தில் வாக்கெடுப்பு நடந்தது. 1961-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் கஞ்சாவை நான்காம் அட்டவணையில் வைத்திருந்தது. ஹெராயினும் அதே அட்டவணையில்தான். மருத்துவப் பயன் அரிது, ஆபத்து மிக அதிகம் என்று கருதப்படும் பொருள்களுக்கான பட்டியல் அது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்று, 27-க்கு 25 என்ற வாக்குக் கணக்கில் கஞ்சா அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு நாடு வாக்களிக்கவில்லை. ஆதரித்த 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மறுநாள் பல செய்திகள் 'கஞ்சா இனி போதைப்பொருள் அல்ல' என்ற தொனியில் வந்தன. அது தவறு. கடும் கட்டுப்பாட்டுக்கு உரிய முதலாம் அட்டவணையில் கஞ்சா அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மருந்தாகப் பயன்படுத்தவே முடியாது என்ற முத்திரை மட்டும்தான் அகற்றப்பட்டது.

அந்த முத்திரை எப்படி விழுந்தது என்பதில் பலரும் அறியாத ஒரு கதை இருக்கிறது. கஞ்சாவை மேற்கத்திய மருத்துவத்துக்குள் கொண்டுபோனதே இந்தியாதான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓ'ஷாஹ்னசி என்ற அயர்லாந்து மருத்துவர், நம் நாட்டு வைத்தியர்களிடமும் ஏடுகளிலும் கேட்டறிந்ததை விலங்குகளிடம் சோதித்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1839-இல் கட்டுரையாக வெளியிட்டார். வாதவலி, காலரா, நாய்க்கடி நோய், தசை இறுகிச் சாகடிக்கும் டெட்டனஸ் எனப் பலவற்றில் முயன்றார். டெட்டனஸ் நோயாளிகளின் தசை இறுக்கம் தளர்ந்ததைப் பதிவு செய்தார். பிறந்து நாற்பது நாளே ஆன ஒரு பெண் குழந்தைக்கு ஓயாமல் வந்துகொண்டிருந்த வலிப்பு, கஞ்சாச் சாறு சேர்ந்த சாராயக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்த பின் அடங்கியதையும் எழுதினார். அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகள் லண்டன், நியூயார்க் மருந்துக்கடைகளில் இந்தக் கரைசல் விற்றது. பிறகு அது வழக்கொழிந்தது. 1932-இல் பிரிட்டனின் அதிகாரபூர்வ மருந்து நூலிலிருந்து நீக்கப்பட்டது. அமெரிக்க நூலிலிருந்து 1940-களின் தொடக்கத்தில் போயிற்று. சட்டமும் அரசியலும் காரணம்தான். ஆனால் அவற்றுக்கு முன்பே மருத்துவர்கள் கைவிடத் தொடங்கியிருந்தார்கள், ஏனென்றால் அளவு பிடிபடவில்லை. ஒரு குப்பியில் பத்துச் சொட்டு ஒன்றும் செய்யாது, அடுத்த குப்பியில் அதே பத்துச் சொட்டு நோயாளியைப் பிதற்ற வைக்கும். மார்பினைப் பிரித்தெடுத்து, நிறுத்து, ஊசியில் ஏற்ற முடிந்தது. கஞ்சாவுக்குள் எது வேலை செய்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை.

தெரியவந்தது 1960-களில். இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம் 1963-இல் கன்னாபிடியால் என்ற பொருளின் மூலக்கூறு அமைப்பைக் கண்டார். 1964-இல் யெகியேல் காவோனியுடன் சேர்ந்து டெட்ராஹைட்ரோகன்னாபினாலைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். சுருக்கமாக முதலாவதை சி.பி.டி. என்றும் இரண்டாவதை டி.எச்.சி. என்றும் சொல்கிறார்கள். போதை தருவது டி.எச்.சி. தான். சி.பி.டி. போதை தருவதில்லை. ஒரே செடியின் ஒரே பூவில் இரண்டும் இருக்கின்றன, ரகத்துக்கு ரகம் வெவ்வேறு விகிதத்தில். மலைக்காட்டில் திருட்டுத்தனமாக வளர்ப்பவனும் வாங்குபவனும் தேடுவது டி.எச்.சி.யை. இன்றைய குழந்தை நரம்பியல் மருத்துவருக்கு வேண்டியது சி.பி.டி. கஞ்சாவின் மருத்துவ ஏற்பு என்று இன்று பேசப்படுவதன் ஆணிவேர் இந்தப் பிரிப்புதான். அளவு தெரியாததால் மருத்துவத்தை விட்டு வெளியேறிய பொருள், அளக்க முடிந்த பிறகே திரும்பி வந்திருக்கிறது. அளவில்லாத கஞ்சாவுக்கு அந்த ஏற்பை நீட்டிக் கேட்பவர்கள் தவறு செய்கிறார்கள். அளந்த மருந்தையும் கஞ்சா என்ற ஒரே காரணத்துக்காக வெறுப்பவர்களும் அதே தவறைத்தான் மறுபக்கத்திலிருந்து செய்கிறார்கள்.

சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் ஆய்வை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். டிராவெட் நோய்க்குறி என்பது பிறந்த முதல் ஆண்டிலேயே தொடங்கும் கொடிய வலிப்பு நோய். மூன்று, நான்கு மருந்துகள் சேர்த்துக் கொடுத்தும் பல குழந்தைகளுக்கு அடங்காது. இந்த நோயுள்ள 2 முதல் 18 வயது வரையிலான 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஏற்கெனவே எடுத்துவந்த மருந்துகளோடு ஒரு பிரிவுக்குத் தூய சி.பி.டி. திரவமும், மறு பிரிவுக்கு அதே மாதிரித் தோன்றும் வெற்றுத் திரவமும் 14 வாரங்கள் தரப்பட்டன. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சி.பி.டி. பெற்ற பிரிவில் மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு எண்ணிக்கை 5.9 ஆகக் குறைந்தது. மறு பிரிவில் 14.9 என்பது 14.1 ஆனது, அவ்வளவுதான். முடிவுகள் 2017 மே மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் எபிடயோலெக்ஸ் என்ற பெயரில் அந்தத் திரவத்துக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இதே ஆய்வு பக்கவிளைவுகளையும் மறைக்கவில்லை. தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, பசியின்மை, கல்லீரல் நொதிகள் உயர்தல் ஆகியவை இருந்தன. நோயிலிருந்து முழு விடுதலை கிடைத்தவர்கள் மிகச் சிலரே. மாதத்தில் ஆறு முறை வலிப்பு குறைந்தால் என்ன என்று வெளியில் இருப்பவர் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் குழந்தை நீலம் பாரிப்பதைப் பார்க்கிற வீட்டில் அந்த ஆறு மிகப் பெரியது. இந்த ஆய்வில் தரப்பட்ட அளவு ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 300 மில்லிகிராம்.

மற்றப் பயன்களில் சான்று ஒரே உறுதியோடு இல்லை. புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்களின் அடங்காத வாந்திக்கு, ஆய்வகத்தில் தயாரித்த டி.எச்.சி. மாத்திரையை அமெரிக்கா 1985-இலேயே அனுமதித்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் வரும் தசை இறுக்கத்துக்கு சேடிவெக்ஸ் என்ற வாய்த்தெளிப்பு பல நாடுகளில் இருக்கிறது. ஒரு தெளிப்பில் 2.7 மில்லிகிராம் டி.எச்.சி., 2.5 மில்லிகிராம் சி.பி.டி. இவை இரண்டும் நிலைபெற்றவை. நாள்பட்ட வலி விஷயத்தில்தான் நிபுணர்களே முரண்படுகிறார்கள். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017-இல் வலிக்குப் பயன் இருப்பதற்குக் கணிசமான சான்று உண்டு என்றன. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமோ 2021-இல், பொதுவான வலி சிகிச்சைக்கு இதைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்றது. எடை தூக்கி முதுகு போன தொழிலாளியிடமும், மூட்டு தேய்ந்த பாட்டியிடமும் இதைக் கொண்டுபோய் விற்கப் பார்ப்பவர்கள் முதல் அறிக்கையை மட்டுமே காட்டுவார்கள். புற்றுநோயையே கஞ்சா எண்ணெய் குணமாக்கும் என்று கைப்பேசியில் சுற்றும் காணொளிகளுக்கோ எந்த ஆதாரமும் கிடையாது. ஆய்வகக் கிண்ணத்தில் செல்கள் சாவது வேறு, மனிதருக்கு நோய் தீர்வது வேறு.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவைக் கிலோவில் பார்க்கிறது. 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, அதற்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. எளாவூரில் பிடிபட்ட பொட்டலத்தின் மாதிரி ஆய்வகத்துக்குப் போகும்போது, அது கஞ்சாதானா என்பதே கேள்வி. அதில் டி.எச்.சி. எத்தனை சதவீதம் என்பது வழக்குக்குத் தேவையில்லை. போதைப்பொருளோடு வேறெதுவும் கலந்திருந்தால் கலவையின் மொத்த எடையே கணக்கு என்று உச்ச நீதிமன்றமும் 2020-இல் சொல்லிவிட்டது. கடத்தலைத் தடுக்க இந்த முறை பொருந்தும். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் இதே சட்டத்தின் எட்டாம் பிரிவு, மருத்துவம், அறிவியல் ஆகிய நோக்கங்களுக்கு விலக்கு அளிக்கிறது. பத்தாம் பிரிவு, கஞ்சாச் செடி பயிரிட உரிமம் தரும் அதிகாரத்தை மாநில அரசிடமே விட்டிருக்கிறது. பூ முனை சேராத இலையும் விதையும் சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள்ளேயே வருவதில்லை. உத்தராகண்ட் 2018-இல் டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டாத ரகங்களுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம், வேலிக்குள் கஞ்சா வளர்த்து மருந்து ஆராய்ச்சி செய்கிறது. புதிதாக எந்தச் சட்டமும் வேண்டியதில்லை, 1985-லிருந்தே கதவு இருக்கிறது.

கதவைத் திறந்தால் சரக்கு கசியும் என்பது முதல் மறுப்பு. இதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. கஞ்சாவைவிடப் பன்மடங்கு ஆபத்தான அபினை இந்திய அரசே உரிமம் கொடுத்துப் பயிரிட வைக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிகளிடமிருந்து வாங்கி, நீமச், காஜிப்பூர் ஆலைகளில் மருந்து மூலப்பொருளாக மாற்றுகிறது. அங்கே கசிவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் அதற்காக மார்பினை ஒழிக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. ஒழித்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தாயிற்று. 1985 சட்டம் வந்ததும் மார்பின் வைத்திருக்கப் பல உரிமங்கள், சிறு தவறுக்கும் சிறை என்ற பயத்தில் மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் அதைத் தொடவே மறுத்தன. நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்து, 1997-இல் இவ்வளவு பெரிய தேசத்துக்கு வெறும் 18 கிலோவாகிவிட்டது. எலும்பு வரை பரவிய புற்றுநோயோடு பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் கதறிச் செத்தார்கள். திருவனந்தபுரத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் இருபது ஆண்டு போராடிய பிறகே, 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அத்தியாவசியப் போதை மருந்துகள் என்ற தனி வகை உருவானது. குற்றத்தின் மீதுள்ள பயம் நோயாளியைத் தண்டித்த அந்த முப்பது ஆண்டுப் பாடத்தைக் கஞ்சா விஷயத்தில் இன்னொரு முறை படிக்க வேண்டுமா?

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. மருந்து என்று பேர் வைத்தால் பையன்களுக்குப் பயம் போய்விடும் என்கிறார்கள் தாய்மார்கள். கஞ்சா இளம் மூளைக்குச் செய்யும் கேடு கற்பனை அல்ல. ஸ்வீடன் ராணுவத்துக்கு வந்த இளைஞர்களைப் பின்தொடர்ந்து 1987-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு கஞ்சா எடுக்காதவர்களைப்போல் ஆறு மடங்கு இருந்தது. எனவே இந்தக் கவலையை லேசாகத் தள்ளக் கூடாது. ஆனால் இன்று விற்பவன் பையனிடம் என்ன சொல்கிறான்? 'இது மூலிகைடா, அமெரிக்காவிலேயே டாக்டர் எழுதித் தர்றாங்க' என்கிறான். எது மருந்து, எது போதை என்று அரசும் மருத்துவர்களும் தெளிவாகப் பேசாத வரை இந்தப் பொய் செல்லுபடியாகும். சி.பி.டி. திரவத்தை நரம்பியல் மருத்துவர் கையில் கொடுத்து, உன் பொட்டலத்தில் இருப்பது அது அல்ல என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தால் பொய்யின் வேர் அறும். டேபென்டடால் என்ற வலி மாத்திரையைத் தூளாக்கிக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் வடசென்னை முதல் இந்தப் பகுதிவரை பரவியபோது, மாத்திரையையே தடை செய்யவில்லை. மருந்துக்கடையின் விற்பனைப் பதிவேட்டைச் சோதித்தார்கள், சீட்டு இல்லாமல் விற்றவர்களைப் பிடித்தார்கள். சரியான வழி அது.

வழி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு தாய்லாந்து சாட்சி. 2018-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதித்த அந்த நாடு, 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே கஞ்சாவை எடுத்தது. ஒழுங்குபடுத்தும் சட்டம் எதுவும் தயாராக இல்லை. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. மூன்றே ஆண்டில், 2025 ஜூனில், மருந்துச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று பின்வாங்க நேர்ந்தது. மருத்துவ ஏற்பை எதிர்ப்பவர்கள் தாய்லாந்தைக் காட்டுகிறார்கள். அங்கே தோற்றது மருந்து அல்ல, அளவையும் சீட்டையும் கைவிட்ட முடிவு.

மூன்றாவதாக, நம் மரபிலிருந்தே ஒரு குரல் வருகிறது. சித்த மருத்துவத்தில் கஞ்சா காலங்காலமாக இருக்கிறதே, லேகியத்துக்கும் சூரணத்துக்கும் லண்டன் ஆய்வகம் எதற்கு என்று. உண்மைதான், சித்த மருத்துவத்தின் மருந்துச் சரக்குகளில் கஞ்சா உண்டு. ஆனால் அதே மரபுதான் அதை நச்சுச் சரக்காக வைத்து, நச்சு நீக்கும் சுத்தி முறையைச் செய்யாமல் சேர்க்காதே என்று விதித்தது. இன்றைய மருந்துச் சட்டமும் அதை நச்சுப் பொருள் பட்டியலில் வைத்து, வைத்தியர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்கிறது. மரபை மதிப்பவர்கள் அளவைக் கண்டு கோபப்படக் காரணமே இல்லை. சுத்தி செய்த பின் டி.எச்.சி. எவ்வளவு குறைகிறது, எந்தக் கூட்டுச் சரக்கு எதை மாற்றுகிறது என்பதை தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் ஒரு நவீன மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து அளந்து வெளியிட்டால், சித்தத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. அனகாபள்ளியில் எரிந்த 2 லட்சம் கிலோவில் ஒரு கைப்பிடியாவது இப்படி ஓர் ஆய்வுக்குப் போயிருந்தால், நம் மண்ணில் விளையும் ரகங்களில் என்ன இருக்கிறது என்பது குறித்து நமக்கென்று ஒரு கணக்கு கிடைத்திருக்கும்.

தமிழ்நாட்டால் இதைச் செய்ய முடியும் என்பதே இந்த வாதத்தின் அடிப்படை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக, மலிவாக வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகம் 1994-லிருந்து இங்கே இருக்கிறது. திருவள்ளூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய் நோய்த்தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். எபிடயோலெக்ஸ் அமெரிக்காவில் அறிமுகமானபோது ஆண்டுக்குச் சுமார் 32,500 டாலர் விலை. சிப்காட்டில் தினக்கூலி வாங்கும் ஒருவர் அந்த விலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மற்ற எத்தனையோ மருந்துகளை உலகுக்கே மலிவாகத் தயாரித்துக் கொடுக்கும் நாடு இதையும் தயாரிக்கலாம். சில கடினமான வலிப்பு நோய்கள், கீமோதெரபி வாந்தி, தசை இறுக்கம் என்று சான்று உறுதியான இடங்களில் மட்டும், குறிப்பிட்ட சிறப்பு மருத்துவர் சீட்டின் பேரில், பதிவேட்டோடு கொடுக்கத் தொடங்கலாம். வலிக்கு வேண்டுமா என்பதை நம் நோயாளிகளிடமே முறையான ஆய்வு நடத்தி முடிவு செய்யலாம். எளாவூர்ச் சாவடியில் ஒரு காவலரைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை.

அதுவரை, வலிப்பு உள்ள குழந்தையின் பெற்றோரைத்தான் நினைத்துக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. இணையத்தில் கஞ்சா எண்ணெய் என்றும், அதன் ஆயுர்வேதப் பெயரால் விஜயா சாறு என்றும் குப்பிகள் விற்கின்றன. மேல்சீட்டில் எழுதிய அளவும் உள்ளே இருக்கும் அளவும் ஒன்றுதான் என்பதற்குப் பல குப்பிகளில் உத்தரவாதம் இல்லை, டி.எச்.சி. கலந்திருக்கவும் கூடும். சி.பி.டி. தூய்மையாகவே இருந்தாலும், குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரையோடு சேரும்போது அதன் வீரியத்தைக் கூட்டிக் குழந்தையை மயங்க வைக்கும். வால்புரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரலைப் பாதிக்கலாம். அதனால்தான் தொடங்குமுன்பும் தொடங்கிய பின் குறிப்பிட்ட இடைவெளிகளிலும் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று எண்ணெயை வாங்கிக் கொடுத்துவிட்டு, பழைய மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது எல்லாவற்றையும்விட ஆபத்து. தொடர்ந்து வரும் வலிப்பில் குழந்தை இறந்தே போகலாம். அப்படி ஒரு குப்பி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், மருத்துவர் திட்டுவார் என்று மறைக்காமல் அதைக் கையோடு எடுத்துப்போய் அவரிடம் காட்டுங்கள்.